கைவிடுதலும் விட்டுக்கொடுத்தலும்

'கிவ் அப்' என்ற ஆங்கிலக் கூட்டுவினைக்குக் 'கைவிடு' என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்வித்து அனுப்பிவிடுவது நம் வழக்கம். மொழிபெயர்ப்புகள் பலவற்றின் நோய்க்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

'கொடு', 'மேலே' என்று பிரித்துப் பார்த்தால் அவ்வினையின் பொருள் கிட்டாது. தமிழருக்கு இது புதிதன்று. 'விட்டுக்கொடு' என்பதையும் நாம் பிரித்துப் பொருள் கொள்வதில்லை.

தகடூர் அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு பேசுகிறது. அவன் கனியை 'கேவ் அப்' செய்தான் என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அதைக் 'கைவிட்டான்' என்று பெயர்த்தால் கொடை மறைந்து அலட்சியம் வந்துவிடும். 'விட்டுக்கொடுத்தான்' என்பதே பொருந்தும்.

அதே தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய்க்கு ஆளானவர். வெளிவந்த பின்னும் 'கிவ் அப்' செய்யாதவர். இங்கே செயப்படுபொருள் இல்லை. ஆகவே 'தளர்ந்துவிடவில்லை' என்க. புகைப்பழக்கம் என்றால் 'விட்டுவிடு' போதும்.

எதை, யாருக்காக, எந்த மனநிலையில் என்று கேட்ட பின்னரே தமிழ்வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகராதி சொற்களைத் தரும். அவற்றுள் ஒன்றைத் தேரும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளனுடையது. அப்பொறுப்பை மட்டும் அவன் கைவிடலாகாது, எவருக்கும் விட்டுக்கொடுக்கவும் கூடாது.