குறையை மறைத்து விற்கலாமா?

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: ‘உங்களிடம் உள்ள குறை என்ன?’ அதற்கு விடையும் ஆயத்தமாக இருக்கிறது. ‘வேலையில் இறங்கிவிட்டால் ஊண் உறக்கம் மறந்துவிடுவேன், அதுவே என் குறை.’ பயிற்சி தருவோர் இதைக் காசு வாங்கிக்கொண்டு கற்பிக்கின்றனர். பெற்றோரோ, ‘சமர்த்தான பதில்’ என்று மெச்சுகின்றனர். நாம் கேட்கிறோம்: இது குறையா? குறையின் வேடம் பூண்ட தற்பெருமையா?

விற்பனைக்கு வைத்திருந்த தானியக் குவியலொன்றில் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம், ஏமாற்றுவோர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்செய்தியை அரிசிக்கும் பருப்புக்கும் உரியதாகவே நாம் ஓதி வருகிறோம். உழைப்பை விற்கும் இடத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்!

‘அல்லாஹ் மறைத்த குறையை மனிதன் அம்பலப்படுத்தலாமா?’ என்று சிலர் மார்க்கத்தையே துணைக்கு அழைப்பர். இரவில் செய்த பாவத்தைக் காலையில் பறைசாற்றுவதையே நபிகளார் கண்டித்தார்கள். கணக்கில் தடுமாற்றமும், ஆங்கிலப் பேச்சில் தயக்கமும், எந்திரத்தில் பழக்கமின்மையும் பாவங்களல்ல. வேலை கொடுப்பவர் அறிந்தே தீரவேண்டிய சரக்கின் தன்மைகள். கனரக வாகனம் ஓட்டத் தெரியும் என்று பொய் சொல்லி வளைகுடா நாட்டுக்குச் செல்பவன் முதலாளியை மட்டுமா ஏமாற்றுகிறான்? சாலையில் எதிரே வருபவரின் உயிரையும் அல்லவா பணயம் வைக்கிறான்!

மூஸா நபி (அலை) அவர்களை எண்ணிப் பார்ப்போம். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை பிறந்தபோது, தம் நாவின் தடையை அவர்கள் மறைக்கவில்லை. அதன் முடிச்சை அவிழ்த்தருள இறைவனிடம் வேண்டினார்கள். தம்மினும் சொல்வன்மை மிக்க சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார்கள். குறையைச் சொன்னதால் பணி பறிபோகவில்லை. கேட்ட துணை கிடைத்தது. இதுவே நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய முறை. குறை இன்னது, அதைக் களைய நான் செய்துவரும் முயற்சி இன்னது, எனக்குத் தேவைப்படும் உதவி இன்னது. இம்மூன்றையும் நேர்படச் சொன்னால் போதும். நிறையை ஒளிக்கவும் வேண்டியதில்லை. களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூஸுஃப் நபி (அலை) அவர்கள் தம் காக்கும் திறனையும் அறிவையும் எடுத்துரைக்கத் தயங்கவில்லையே!

நம் வணிகப் பெருமக்களுக்கும் ஒரு சொல். குறையைக் கேட்டுவிட்டு, உண்மை உரைத்தவனைத் தள்ளி, ஒப்பித்தவனை எடுத்துக்கொள்வீர்களாயின், பொய்யைப் பயிற்றுவிப்போர் நீங்களே. உண்மை கேட்கும் உரிமை, அதைத் தாங்கும் நெஞ்சுள்ளவர்க்கே உண்டு.

‘உண்மையைச் சொல்லி வேலை கிடைக்காமற் போனால்?’ என்று தாய்மார் கேட்பர். சிலபோது கிடைக்காமலும் போகலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரக்கத் அழிந்துபோகும் என்றும் நபிகளார் அறிவித்திருக்கிறார்கள். மாதந்தோறும் நம் இல்லத்துக்கு வரும் சம்பளமும் அத்தகைய வணிகத்தின் வரவுதானே?