ஐந்தொகை பார்க்க ஆள் இல்லை!

செட்டிநாட்டில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. பர்மாவில் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் என்னதான் நம்பகமான ஆளாக இருந்தாலும், ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பியாகணும். காரைக்குடியில் முதலாளி வரி வரியாகப் பார்ப்பார். பி.காம். படித்த எனக்கு இது புரிகிறது.

புரியாதது 'ஸ்க்விட்' விவகாரம். ஆபீஸுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸி சாஃப்ட்வேர். 1996-லிருந்து இலவசம். யார் வேண்டுமானாலும் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். சேர்க்கும் முன் இன்னொருவர் படித்துப் பார்க்கணும். அந்த இன்னொருவர் எங்கே சார்?

2021-ல் ஜோஷுவா ரோஜர்ஸ் என்பவர் தோண்டினார். 55 ஓட்டைகள்! பொறுத்துப் பார்த்துவிட்டு 2023 அக்டோபரில் அவர் வெளியிட்டபோதும் 35 அடைபடவில்லை. பராமரிக்கிறவர்களைத் திட்டாதீர்கள். அவர்கள் கொஞ்சம் பேர். திட்ட வேண்டியது ஓசியில் வாங்கி, ஒரு வரிகூடப் படிக்காத நம்மை.

இங்கே இன்ஜினீயரிங் பையன்கள் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது ஊரறிந்த ரகசியம். அதற்குப் பதிலாக, இப்படி வந்த ஒரே ஒரு திருத்தத்தைப் படித்து, எங்கே இடிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். மார்க் போடுங்கள். வாத்தியார் முதலில் படிக்க வேண்டியிருக்குமே என்கிறீர்களா?

படிக்கட்டுமே!