வரையாத இடமும் ஓவியமே

தீவகத்தில் ‘சீனா’ என்றால் நமக்கு அரசியல்தான் நினைவுக்கு வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டதும், அவ்வாண்டின் இறுதியிலேயே அது நின்றுபோனதும், பின்னர் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியதும் நாமறிந்த கதை. ஆனால் சீனரிடமிருந்து நாம் பெறத்தக்கது வேறொன்று உண்டு. அதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. இயற்கையை மையாலும் தூரிகையாலும் வரையும் அவர்களது மரபையே குறிப்பிடுகிறேன்.

அம்மரபின் இலக்கணம் கண்டிப்பானது. தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். இட்ட கோட்டை அழிக்க இயலாது. எனவே கண் நன்றாகப் பார்த்து முடித்த பின்னரே கை அசையவேண்டும். இளமையில் தச்சராக இருந்த சி பைஷி (1864–1957) இறால் ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றவர். உயிருள்ள இறால்களை வீட்டில் வைத்து அவற்றின் அசைவைக் கவனித்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓவியத்தில் இறாலின் கால்களைக் குறைத்துக்கொண்டே வந்தார், உயிர்த்துடிப்போ கூடிற்று. நீரைக் காட்ட அவர் கோடு எதுவும் இழுக்கவில்லை. வெறுந்தாளே நீராயிற்று.

மண்டைதீவு மீனவருக்கு இறாலைப் பற்றி எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆழமற்ற கடல், கண்டல், பனை, பருவந்தோறும் வந்திறங்கும் பறவைகள் என, பொருள் குறைந்து வெளி நிறைந்த அந்நிலத்துக்கு மைத்தூரிகையைவிடப் பொருத்தமான கருவி ஏது? ஆனால் நம் பிள்ளைகள் இரு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியனையே வரைகிறார்கள். தீவகத்தில் மலை எங்கே இருக்கிறது? பார்த்ததை விட்டு, பார்த்தெழுதப் பழக்கியிருக்கிறோம்.

அயல்நாட்டுக் கலை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். 1924 இல் தாகூருடன் சீனம் சென்றுவந்த நந்தலால் போஸ், பிற்காலத்தில் மைத்தூரிகையால் பல ஓவியங்கள் தீட்டினார். அவற்றில் இருப்பது வங்க மண்தான். கடன் பெற்றது கருவியையும் நோக்கையுமே.

இந்த நோக்கு இன்று மண்டைதீவுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி அங்கே சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞருக்கு மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் ‘வெறுங்காணிதானே’ என்ற பேச்சை ஏற்கமுடியவில்லை. 1990 இல் போர் மக்களைப் பெயர்த்தமையால் வெறிச்சோடிய தீவு அது; யாருமற்ற தீவு அல்ல. ஈரநிலம் மழைநீரைத் தாங்குகிறது. கண்டலின் வேரடியில் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கின்றன. சேற்றில் பறவைகள் இரைதேடுகின்றன. சீன ஓவியத்தின் வெறுந்தாளைப் போலவே, இங்கும் ஒன்றும் இல்லாததாகத் தோன்றும் இடமே மற்றெல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது.

தீவகப் பாடசாலைகள் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, மையும் தூரிகையும் கொடுத்து, கண்டதை வரையச் சொல்லவேண்டும். விலையுயர்ந்த சீனத் தாள் வேண்டாம். மை ஊறும் பத்திரிகைத் தாள் போதும். ஒரு கொக்கை நூறு முறை வரைந்த பிள்ளை, வளர்ந்து அதிகாரியாகும்போது, அது நிற்கும் சேற்றை வெறுங்காணி என்று எழுதாது.

தாளில் கோடு தவறினால் இன்னொரு தாளை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தில் கொட்டிய சீமெந்துக்கு அந்த வசதி இல்லை.