தலையில் இருந்தால் போதுமா?

வளர்கிற கம்பெனியில் இருக்கும் சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கு ஓய்வு பெற்ற குமாஸ்தா என்ன சொல்லிவிட முடியும்? ஒன்று சொல்லலாம். தெரிந்ததை எழுதி வையுங்கள், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

நம் காஞ்சிபுரத்துத் தறியைப் பாருங்கள். மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஓடுகின்றன. (பிரெஞ்சில் படித்த எனக்கு அவர் 'ழக்கார்', லியோன் நகரத்துக்காரர், 1804-ல் இதைக் கொண்டுவந்தார்.) டிசைன் அட்டையில் இருப்பதால் தறியில் ஆள் மாறினாலும் மயில் மயிலாகவே வரும். இங்கிலாந்தின் பாபேஜ் தாம் வடிவமைத்த கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார்.

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2005-ல் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுத்து வேலை கற்றுத்தர ஆரம்பித்தது. இதை நான் மிகவும் மெச்சுகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால், சொல்பவருக்கு முதலில் தன் வேலை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டுமே!

கோப்பில் குறிப்பு எழுதாமல் வாயாலேயே காரியத்தை முடிப்பவர்களை அந்த நாளில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாற்றலாகிப் போன மறுநாள், மனு கொடுத்தவர் மேஜை மேஜையாக அலைவார்.

எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம்மை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. ஆட்குறைப்புச் செய்திகள் வருகிற காலம்தான். ஆனால் ஒளித்து வைத்த வேலையை விட்டு நீங்களும் நகர முடியாது. நல்ல புது வேலை வரும்போது, "அவரை விட்டால் இதற்கு ஆளில்லை" என்று பழைய நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்துவிடுவார்கள்.