இடைவேளையில் விளக்கைப் போட்டார்கள்

மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஆசியாவிலேயே பெரிசு. 2,563 இருக்கைகள். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு தொடக்கம். பிறகு முறுக்கு, கோலி சோடா, விசில், பீடிப்புகை, திரையில் சிவாஜி முகம். கடைசியில் ஒரு பெருமூச்சு: தியேட்டர் போய் அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்டது. இந்தப் பெருமூச்சுக்கு நடுவில் தவறாமல் ஒரு வாக்கியமும் வரும். அங்கே சாதியில்லை, மதமில்லை, இருட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம் என்று. முறுக்கின் மேல் நமக்குக் கோபமில்லை. சண்டை இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

எங்கய்யாவும் தங்கத்தில் படம் பார்த்தவர்தான். எங்களுக்கு ஊர் மேலூர்ப் பக்கம். பண்ணைக் கூலியை நெல்லாகத்தான் அளப்பார்கள். நெல்லைக் கொண்டுபோய் டிக்கெட் எடுக்கமுடியுமா? படம் பார்க்கிற ஆசையில் விறகு வெட்டிச் சுமந்து மதுரையில் விற்று, அந்த அணாக்களை முடிந்துகொண்டு போய் வரிசையில் நிற்பார். ராத்திரி பஸ் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் நடை. அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்த சங்கதி படக்கதை அல்ல, டிக்கெட் கொடுக்கும் கூண்டு.

“டேய், அந்த ஓட்டைக்குள்ள கை மட்டுந்தான்டா போகும். மூஞ்சி வெளியில நிக்கும். எந்தூரு, எந்தத் தெருன்னு அவனுக்குத் தெரியாது. சில்லறைய உள்ளங்கையில வச்சு அமுக்கி விடுவான்யா. நம்மூருக் கடையில காசத் தரையில வைக்கச் சொல்லித்தான எடுத்தாய்ங்க.”

இதுதான் தங்கம் தியேட்டரைப் பற்றி எங்கள் வீட்டில் உள்ள முதல் நினைவு. ஒரு சாதி இந்து விரல் தன் உள்ளங்கையில் பட்ட நினைவு. எந்த நினைவுக் கட்டுரையிலாவது இதைப் படித்திருக்கிறீர்களா தோழர்களே? படித்திருக்க முடியாது. கையில் சில்லறை வாங்குவதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலைமை அவர்களுக்கு இல்லையே.

இரண்டாவது நினைவும் உண்டு. ஒரு நாள் படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் எங்கய்யா. இடைவேளை விட்டு விளக்கைப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால், பின்னால் உசத்தி டிக்கெட்டில் எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டு மகன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் களத்துமேட்டில் வைத்துக் கேள்வி வந்தது: “என்னடா, மதுரையில கால் மேல கால் போட்டு உக்காந்தியாமே?” துண்டை இடுப்பில் கட்டி, ஊரார் முன்னால் விழுந்து எழுந்து, அபராதமும் கட்டினார். அபராதம் எவ்வளவு என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அவர் படம் பார்ப்பதை விடவில்லை. ஆனால் இடைவேளைக்கு வெளியே போனதில்லை. விளக்குப் போட்டதும் குனிந்து காலடியில் எதையோ தேடுவதுபோல் இருப்பார். 90களில் நான் வேலைக்குப் போய் அவரை ஒரு படத்துக்கு அழைத்துப் போனபோதும் விளக்கு எரிந்ததும் குனிந்தார். “என்னய்யா தேடுறீக?” என்றேன். பதில் இல்லை.

இருட்டில் சாதி இல்லை என்று எழுதுகிறவர்களே, இடைவேளையில் விளக்கைப் போடுவானே, அப்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்தீர்கள்?

இந்தப் பொதுப்புத்திக்குக் கொஞ்சம் கௌரவமான ஆதாரமும் இருக்கிறது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, காசு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். பாதி உண்மை. பெரிய பாதி என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கோயிலும் கிணறும் டீக்கடையும் மூடிக்கிடந்த ஊரில் காசுக்குத் திறந்த கதவு சின்ன விஷயமல்ல. ஆனால் காசு யாரிடம் இருந்தது? கூலியை நெல்லாக அளந்த நாட்டில் காசே சாதியின் கையில்தான் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கூட்டமும், பின்னால் சோபாவில் சாய்ந்திருந்த கூட்டமும் எந்தெந்தத் தெருக்களிலிருந்து வந்தவை என்று மதுரைக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். கதவைத் திறந்தது காசு மட்டுமா? அதே மதுரையில் 1939 ஜூலை 8 அன்று, மேலூர் தும்பைப்பட்டிக் கக்கன் உள்ளிட்ட சிலர் வைத்தியநாதய்யரோடு மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்கள் கோயிலைப் பூட்டினார்கள். அதற்கும் தங்கம் திறந்ததற்கும் இடையில் பதின்மூன்று வருஷம்தான். அந்தப் பதின்மூன்று வருஷத்துக்குள் சாதி இந்துக்களின் மனசா மாறிவிட்டது? 1950இல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15ஆம் பிரிவின் இரண்டாவது கூறை எடுத்துப் பாருங்கள். கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகளோடு பொதுக் கேளிக்கை இடங்களும் அதில் இருக்கின்றன. அங்கெல்லாம் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தடுக்காத இடத்துக்கு எவனாவது இப்படிச் சட்டம் போடுவானா? சோடாக்காரனையும் கேட்காரனையும் நினைத்து உருகுகிற கட்டுரைகளில் அம்பேத்கர் பெயர் ஒரு தடவையாவது வருகிறதா?

தங்கம் இருந்தது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து மதுரையை விரித்தபோது வேலையை நடத்திய மேஸ்திரி பேரில் தெரு இருக்கிறது. அளந்த மாரட் பேரிலும் தெரு இருக்கிறது. கல் சுமந்தவர்கள் பேரில் சந்துகூட இல்லை. தியேட்டர் நினைவுகளும் இந்தத் தெருப்பெயர் மாதிரிதான். முதலாளி, மேனேஜர், ஆபரேட்டர் வரைக்கும் வருவார்கள். ஆயிரக்கணக்கான பேர் நாளுக்கு நாலு காட்சி உட்கார்ந்து எழுந்து போனால் அங்கே எவ்வளவு எச்சில், எவ்வளவு மூத்திரம்? கக்கூஸ் நாற்றத்தைப் பற்றி வேடிக்கையாக எழுதியவர்கள் உண்டு. அதை வெறும் கையால் கழுவிய அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. எந்த ஊர்த் தியேட்டரை எடுத்தாலும் இதே கதைதான்.

சரி, திரையில் என்ன ஓடியது? ‘பராசக்தி’ கோயிலையும் பூசாரியையும் கேள்வி கேட்டது. கேட்கட்டும், நாமும் கைதட்டினோம். ஆனால் அந்தப் படத்தின் தமிழகத்தில் பிச்சைக்காரர்கள் உண்டு, நம் சேரி எங்கே? 1956இல் ‘மதுரை வீரன்’ வந்தது. அருந்ததிய மக்களின் சாமி. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட சாமி. கிழக்குக் கோபுர வாசலில் இன்றைக்கும் அவனுக்குச் சன்னதி உண்டு, வாசலோடு சரி. படத்தில் அவன் ராஜா பெற்று, காட்டில் போட்ட பிள்ளை. எடுத்து வளர்ப்பது மட்டும் செருப்புத் தைக்கும் என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும். சினிமாக்காரர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கதைப்பாடலிலேயே இந்தக் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். அருந்ததியர் வளர்த்தார்கள் என்பதை ஒத்துக்கொள்வார்கள். பெற்றார்கள் என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. எங்கய்யா அந்தப் படத்தை எட்டுத் தடவை பார்த்தார். எட்டுத் தடவையும் அழுதார். அந்த அழுகையைக் கேலி பண்ண எனக்கு வாய் வரவில்லை. கையும் காலும் வாங்கப்படுவது யாருக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, படம் என்ன சொன்னால் என்ன.

1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. அதில் ஒரு பாட்டு தென்மாவட்டங்களில் எங்கள் தெருக்களைப் பார்த்து ஒலிபெருக்கி வைத்துப் போடப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு எழுந்த கூச்சலில் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் பாதிப் படத்தில் எழுந்து வந்தார்கள். அவர்களுக்கு இருட்டு மட்டும் போதவில்லை. இரண்டாம் ஆட்டம் முடிந்து கடைசி பஸ்ஸில் கதை பேசிக்கொண்டு போனதை இனிக்க இனிக்க எழுதுகிறார்கள். மேலூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பஸ் என்றால் வேறு நினைவும் வரும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றது அப்படி ஊர் திரும்பிய பஸ்ஸை மறித்துத்தான்.

அதெல்லாம் பழசு என்பார்கள். 2023 மார்ச் 30 அன்று சென்னை கோயம்பேடு பக்கத்தில் ஒரு தியேட்டரில் ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட் வாங்கிய நரிக்குறவர் குடும்பத்தைக் கேட்டில் நிறுத்தினார்கள். டிக்கெட் கையில் இருந்தது. அங்கிருந்தவர்கள் அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பிய பிறகு உள்ளே விட்டார்கள். குழந்தைகளுக்கு வயசு போதாது, யு/ஏ சான்றிதழ் என்று விளக்கம் சொன்னது நிர்வாகம். மற்ற குழந்தைகளிடம் கேட்காத வயசு! காசு இருந்தால் கதவு திறக்கும் என்ற தத்துவம் அன்றைக்கு எங்கே போயிற்று? கூண்டு ஓட்டைக்குக் கை மட்டும் தெரிந்தது, கேட்காரனுக்கு ஆளே தெரிகிறது.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது ஒரு நண்பர் வருத்தத்தோடு கேட்டார், ஒரு பழைய தியேட்டரை நினைத்து ஏங்குவதைக்கூட விடமாட்டீர்களா என்று. தாராளமாக ஏங்குங்கள். எங்களுக்கும் ஏக்கம் உண்டு. உங்களைவிடக் கூடுதலாகவே உண்டு, ஏனென்றால் எங்களுக்குக் கதவு திறந்திருந்த இடங்கள் அவ்வளவு சொற்பம். சாதி இல்லை என்று எங்கள் சார்பிலும் சேர்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். அந்தக் கையெழுத்துதான் நாளைக்கு வரலாறு என்று மாணவர்களிடம் வந்து சேர்கிறது.

ஆகவே ஒரு வேலை இருக்கிறது. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பழைய கொட்டகைகளில் பெருக்கியவர்கள், கக்கூஸ் கழுவியவர்கள், சைக்கிளில் பசை வாளி தொங்கவிட்டு ராத்திரியில் சுவரொட்டி ஒட்டியவர்கள், பெட்டி தூக்கியவர்கள் இன்னும் சிலராவது உயிரோடு இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயசிருக்கும். உங்கள் தெருவில் இருந்தால் எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள், நேரில் வந்து எழுதிக்கொள்கிறோம். மாணவத் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே தொடங்கலாம். எந்தப் படம் பிடித்தது என்று முதலில் கேளுங்கள், பேச்சு வரும். அப்புறம் இடைவேளையில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.