திருவண்ணாமலை மலையில் திருட்டு டிரெக்கிங்: தடை மட்டும் போதுமா?

திருவண்ணாமலை:
ரமணாசிரமத்தின் பின்பக்கம் இருந்து கிளம்பும் கல் பாதை கந்தாசிரமம், விருபாட்ச குகை வரை போகிறது. ரமணர் 1922-ல் கீழே இறங்கி வரும் முன் தங்கியிருந்த இடங்கள் இவை. வெளியூர்க்காரர்கள் அதோடு நிற்பதில்லை. 2,668 அடி உச்சியையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி விடுகிறார்கள். அங்கேதான் வம்பே ஆரம்பம்.

மலை வனத்துறை கட்டுப்பாட்டில் உள்ளது. அனுமதி இல்லாமல் உச்சிக்கு ஏறினால் அபராதம், வழக்கு. "சாமி மலைக்கு எதுக்குங்க தடை?" என்று கேட்பவர்கள் 2024 டிசம்பர் 1-ந் தேதியை மறந்து விடக்கூடாது. பெஞ்சல் புயல் மழையில் பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டுக்குள் இருந்த 7 பேர் பலியானார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அந்த மாதம் 13-ந் தேதி நடந்த கார்த்திகை தீபத்துக்கு, வல்லுநர் குழு ஆய்வுக்கு பிறகு, பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை, நெய் கொண்டு போனவர்கள் மட்டுமே ஏறினர்.

தடை இருந்தும் ஆட்கள் ஏறுகிறார்கள். வழி தெரியாதவர்களுக்கு கைடு என்ற பெயரில் யார் யாரோ துணைக்கு போகிறார்கள். 2025 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் மலையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக புகார் கொடுக்க, கூட்டிப்போன கைடு கைதானார். யார் ஏறினார், யாரோடு ஏறினார் என்று கணக்கே இல்லாததன் விலை இது.

குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்ததும் இதே பாடம்தான். காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் கருகி இறந்தனர். அதன்பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை திறந்தது. ஆன்லைனில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீ சீசனில் மூடல் என்பது ஏற்பாடு. அந்த முதல் பட்டியலில் திருவண்ணாமலை இல்லை.

இங்கும் அப்படி திறந்து விடலாமே என்றால், அவசரப்பட முடியாது. மலையேறுபவர் காலில் பட்டு உருளும் கல்லும், அணைக்காமல் போடும் பீடித் துண்டும் கீழே குடியிருக்கும் கூலித் தொழிலாளி வீட்டுக்குத்தான் ஆபத்து. அதே நேரம் வெறும் போர்டு மாட்டி வைத்தால் திருட்டுப் பாதையும் போலி கைடும்தான் மிச்சம்.

முதலில் பாறைகளை ஆய்வு செய்து எந்த இடம் பாதுகாப்பு என்று சொல்ல வேண்டும். அனுமதி உள்ள பாதையில் நுழைவோர் பெயரை எழுத வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்கு பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்தால் அவர்களுக்கும் பிழைப்பு, வருபவர்களுக்கும் பாதுகாப்பு. உச்சியைப் பற்றி அப்புறம் பேசலாம். அடிவாரத்தில் இருப்பவர்கள் மழை ராத்திரியில் நிம்மதியா தூங்குவதுதான் முதல் வேலை.