ஸ்லிப் ஒட்ட இடம் இல்லாத போஸ்டர்கள்

கிராஃபிக் டிசைன் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்: "உனக்குப் பிடிச்ச படத்தோட போஸ்டரை ரீடிசைன் பண்ணிட்டு வா." அம்பத்தூர் பக்கம் செல்ஃபோன் கடைக்கு மேலே மாடிப்படி ஏறிப் போகிற பயிற்சி நிலையமோ, யூட்யூபில் இலவசமாகச் சொல்லித்தரும் அண்ணனோ, இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. திருத்தலாம், மெருகேற்றலாம் என்கிற சமரசமெல்லாம் அப்புறம். முதல்ல நிறுத்துங்க.

நான் டிசைனர் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். டிசைனர்கள் வரைந்து கொடுப்பதைத் திரையில் கட்டி எழுப்புகிற கொத்தனார் வேலை என்னுடையது. அதனால் புதிதாக டிசைனர் எடுக்கும்போது நேர்காணலில் என்னையும் ஒரு ஓரமாக உட்கார வைப்பார்கள். ஆவடியிலிருந்து, திருமுல்லைவாயலிலிருந்து, பூந்தமல்லியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அப்பா ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்திருப்பார். பிள்ளை கலைக்கல்லூரியில் ஒரு டிகிரி முடித்துவிட்டு, மூன்று மாத கோர்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கும். லேப்டாப்பைத் திறந்தால் 'பாட்ஷா'வுக்கு ஒரு ஆட்டோ. 'தளபதி'க்கு ஒரு சூரியன். '96'க்கு ஒரு கேமரா. தட்டையான ஒற்றை நிறப் பின்னணி, நடுவில் ஒரு சின்னம், கீழே இடைவெளி விட்டு விட்டு ஆங்கிலத்தில் படத்தின் பெயர். அடுத்த பிள்ளை திறந்தாலும் அதே ஆட்டோ. இது மஞ்சள் பின்னணியில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதைச் செய்திருக்கிறார்கள். கேட்டவர்கள் மேல்தான் கோபம்.

ஆட்டோவைப் பார்த்ததும் நமக்கு 'பாட்ஷா' தெரிந்துவிடுகிறது. ஏனென்றால் நமக்கு ஏற்கெனவே 'பாட்ஷா' தெரியும். 1995-ல் வந்த படத்தை முப்பது முறை டிவியில் பார்த்துவிட்டோம். அது ஒரு விடுகதை, விடை தெரிந்தவர்களுக்கு மட்டும் போடப்பட்ட விடுகதை. விடை தெரிந்ததால் வருகிற சின்னச் சந்தோஷத்தை 'செம டிசைன்' என்று நினைத்துக்கொள்கிறோம். சினிமா போஸ்டர் பேச வேண்டிய ஆள் வேறு. வியாழக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் போகிறவர். நாளைக்கு என்ன படம் வருகிறது என்றே தெரியாதவர். அவரிடம் யார் நடித்த படம், சிரிப்புப் படமா வெட்டுக்குத்தா, எந்தத் தியேட்டர் என்பதையெல்லாம் ஆட்டோ ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்குவதற்குள் சொல்லியாக வேண்டும். இந்தக் கஷ்டம் முழுவதையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்து "பழகு" என்றால் பிள்ளை எதைப் பழகும்? ரசிகனாக இருக்கப் பழகும். அது ஏற்கெனவே தெரிந்ததுதானே.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். இந்த வீட்டுப்பாடத்தைச் செய்துகொண்டு வந்து காட்டினான். பார்க்க நன்றாகவே இருந்தது, கை சுத்தம்.

"இதுல தியேட்டர் பேரு எங்கப்பா ஒட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"ஒட்டுறதா? எதுக்குண்ணா?"

"அப்போ நீ எந்தத் தியேட்டர்ல போய்ப் பார்ப்ப?"

"புக்மைஷோல பாத்துக்கலாம்ண்ணா."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அம்பத்தூர் ராக்கிக்கும் ஆவடி மீனாட்சிக்கும் போகிற சாலைகளில் அவன் தினமும் வண்டி ஓட்டுகிறான். சுவர் போஸ்டரில் கீழே தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சடித்த தனித் துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறான், கவனித்ததில்லை. அந்த ஸ்லிப் சாதாரண விஷயமா? ஒரே போஸ்டர் சிவகாசியில் மொத்தமாக அச்சாகிறது. கோவில்பட்டிக்கும் போகும், பூந்தமல்லிக்கும் வரும். எந்த ஊர், எந்தத் தியேட்டர் என்பது அச்சடிக்கும்போது தெரியாது. ஆகவே போஸ்டர் என்பது முடிக்கப்படாமல் ஊருக்கு வருகிற ஒரு பொருள். பசை வாளியோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற ஆள்தான் அதை முடித்து வைக்கிறார். அவருக்காக இடம் விட்டு வரைந்திருக்க வேண்டும். விடாவிட்டால் அவர் ஹீரோவின் முழங்கால் மேல் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இரண்டாவது வாரம் ஓடினால் "வெற்றிகரமான 2வது வாரம்" என்று இன்னொரு துண்டு வரும். அதற்கும் இடம் வேண்டும்.

நான் மென்பொருளில் பத்து வருடமாகப் பார்க்கிற பிரச்சினையும் இதுதான். வடிவமைக்கும்போது தெரியாத ஒரு தகவல் பிற்பாடு வந்து உட்காரும். அதற்கு இடம் விட்டிருக்கிறாயா, இல்லையா? பயனரின் பெயர் மூன்று எழுத்தாகவும் இருக்கலாம், மீனாட்சிசுந்தரேஸ்வரனாகவும் இருக்கலாம். சுவரொட்டி வரைந்த பழைய ஆட்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இதற்குத் தனியாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

நிறத்துக்கு வருகிறேன். ரீடிசைன் போஸ்டர்களில் இப்போது வெளிறிய பிங்க், வெளிறிய பச்சை. திரையில் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பாடி மேம்பாலத்துக்குக் கீழே மே மாத வெயிலில் பத்து நாள் நின்ற ஒரு போஸ்டரைப் பாருங்கள்: மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் பறந்துவிடும், கடைசியில் நீலமும் கறுப்பும் மட்டும் நிற்கும். பழைய போஸ்டர்களில் எல்லாரும் கிருஷ்ண பரமாத்மா மாதிரி நீலமாக இருப்பது அதனால்தான். அவர்கள் ஏன் ரத்தச் சிவப்பும் அடர் மஞ்சளும் அள்ளிக் கொட்டினார்கள்? "டேஸ்ட் இல்ல" என்று சொல்கிறவர்கள் மெல்லிய தாளையும் மைதாப் பசையையும் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பசைக்காகப் போஸ்டரையே உரித்துத் தின்னும் மாட்டையும் சேர்த்துத்தான்.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார், எனக்குத் தெரியும். "சால் பாஸ் பண்ணலையா? போலந்து போஸ்டர்களெல்லாம் மினிமல் இல்லையா?" பண்ணினார். 1959-ல் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிய ஓர் உடலை வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஆனால் அதை வரையச் சொல்லி ஆட்டோ பிரமிஞ்சர் என்ற முதலாளி பக்கத்தில் நின்றார். படத்தை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. போலந்தில் சினிமா விநியோகம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டித்தான் டிக்கெட் விற்க வேண்டும் என்ற கட்டாயம் ஓவியருக்கு இல்லை. விக்டர் குர்கா 1973-ல் 'கேபரே' படத்துக்குக் கால்களாலேயே ஒரு ஸ்வஸ்திகா போட முடிந்ததற்குத் திறமையோடு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். அந்த ஊரின் நிபந்தனைகளுக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் அது. நம் பிள்ளைகளுக்குப் பதிலை மட்டும் காப்பி அடிக்கக் கொடுக்கிறோம், கேள்வித்தாளை யாரும் காட்டவில்லை.

"பழகுறதுக்குத்தானே சார், காப்பி அடிச்சா என்ன?" என்பது இன்னொரு வாதம். நியாயமான வாதம். கலையைக் காப்பி அடித்துத்தான் கற்றிருக்கிறார்கள். மெட்ராஸில் பேனர் வரைந்த கம்பெனிகளில் சேருகிற பையன் முதலில் பிரஷ் கழுவுவான். அப்புறம் ஸ்டில் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போடுவான். அப்புறம் பின்னணிக்கு நிறம் அடிப்பான், எழுத்து நிரப்புவான். முகத்தில் மாஸ்டர் மட்டும்தான் கை வைப்பார். முகத்தைத் தொட வருடங்கள் ஆகும். 1957-ல் 'வணங்காமுடி'க்காக சிவாஜிக்குப் பிரம்மாண்டமான கட்-அவுட் வைத்துப் பேர் வாங்கிய மோகன் ஆர்ட்ஸ் போன்ற இடங்கள் அந்தக் கால டிசைன் பள்ளிக்கூடங்கள். பம்பாயில் எம்.எஃப். ஹுசைன் இளமையில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். அதுவும் காப்பிதான். ஆனால் அவர்கள் காப்பி அடித்தது ஒரு நிஜமான வேலையை. அளவு நிஜம், தேதி நிஜம், வெள்ளிக்கிழமை காலை மவுண்ட் ரோட்டில் ஏறவில்லை என்றால் திட்டும் நிஜம். ஃப்ளெக்ஸ் வந்து அந்தப் பள்ளிக்கூடங்களை மூடியது. 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் சென்னையின் பெரிய ஹோர்டிங்குகளும் இறங்கின. இறங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை, நடைபாதையில் நடக்கிறவன் நான். ஆனால் அங்கே இருந்த கல்வி எங்கேயும் போய்ச் சேரவில்லை.

எழுத்து விஷயம்தான் எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல். நான் நேர்காணலில் பார்த்த ரீடிசைன் போஸ்டர்களில் தமிழில் தலைப்பு போட்டவை மிகக் குறைவு. தமிழ்ப் படம், தமிழ் நடிகர், வரைந்தது பட்டாபிராம் பிள்ளை, தலைப்பு ஆங்கிலத்தில். கேட்டால் "தமிழ் ஃபான்ட் நல்லா இருக்காது சார்" என்கிறார்கள். 2006-ல் தமிழ்நாடு அரசு தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தபோது 'சம்திங் சம்திங்' கழன்று விழுந்து 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. அரசாணை பெயரைத்தான் மாற்ற முடியும். அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதை யாராவது உட்கார்ந்து வரைந்தாக வேண்டும். போஸ்டர் ஓவியர்கள் படத்துக்குப் படம் அதைச் செய்தார்கள். பேய்ப் படத்துக்கு ஒழுகுகிற எழுத்து, குடும்பப் படத்துக்கு உருண்டை எழுத்து. ஒரு சுழியை இழுத்து வாளாக்குவார்கள். ரசனைக் குறைவாகவும் இருந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் எழுத்தின் எந்த இடம் வளையும், எந்த இடம் உடையும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும்.

அது தெரியாததன் விலையை நான் ஒவ்வொரு வாரமும் கட்டுகிறேன். டிசைனர் 'சப்மிட்' என்று ஆங்கிலத்தில் அளவெடுத்து ஒரு பட்டன் வரைந்து தருவார். தமிழில் அது 'சமர்ப்பிக்கவும்' ஆகும்போது பட்டனின் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வரும், அல்லது 'சமர்ப்பி...' என்று பாதியில் மூச்சு முட்டி நிற்கும். வரி உயரம் ஆங்கிலத்துக்கு வைத்ததாக இருக்கும். 'கீ' யின் கொம்பு மேலே வெட்டுப்படும், 'ழு' வின் வால் கீழே வெட்டுப்படும். இந்தத் திரைகளில்தான் நம் அம்மாக்கள் கேஸ் புக் பண்ணுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுகிறார்கள். எழுத்து வெட்டுப்பட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 'தளபதி'க்குச் சூரியன் வரைந்த மாலை நேரத்தில் அந்த நான்கெழுத்தை மட்டும் கையால் இருபது விதமாக எழுதிப் பார்த்திருந்தால், இதில் பாதிப் பிரச்சினை என் மேஜைக்கே வராது.

சரி, நிறுத்திவிட்டு என்ன செய்வது? நான் அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நீ பார்க்காத படம் ஒன்றை எடு, அதுவும் உனக்குப் பிடிக்காத நடிகருடையது. நெட்டில் கிடைக்கும் சுமாரான நாலு ஸ்டில்தான் உன் கையிருப்பு. இயக்குநர் பெயரைவிட ஹீரோ பெயர் பெரிதாக இருக்கணும், தயாரிப்பாளர் பெயர் மேலே இருக்கணும், இசையமைப்பாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைப்பு தமிழில், ஃபான்ட் கிடையாது, கையால். கீழே ஐந்தில் ஒரு பங்கு காலி. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடு. பூந்தமல்லி மெட்ரோ தூணில் எல்லாம் ஒட்டாதே. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959-லேயே சட்டம் வந்துவிட்டது, தூணும் பாவம். உன் வீட்டு காம்பவுண்ட் சுவர் போதும். எதிர்ப்பக்கம் வண்டியில் நாற்பதில் போய்க்கொண்டே பார். தெருவில் சினிமாவே பார்க்காத பாட்டி ஒருவரைக் கூப்பிட்டு, இது என்ன மாதிரிப் படம் என்று கேள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள், எதிர்த்துப் பேசாதே. பத்து நாள் வெயிலில் விட்டுவிட்டு, எந்த எழுத்து மிச்சம் இருக்கிறது என்று போய்ப் பார். நடுவில் மாடு வந்து தின்றுவிட்டால் இன்னொரு பிரதி ஒட்டிக்கொள்.